எனக்கு மட்டும் நீக்கு

ஜட்ஜம்மாவின் பின்புறம் எங்கள் குடும்பக் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் மதியச் சாப்பாடு முடித்துக் கண்ணயர்ந்திருந்தார்கள். அந்த ஒரு புண்ணியம்தான் என்னைக் காப்பாற்றியது. மீதிப் பாதிப் பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜட்ஜம்மா ஓய்வு பெற்ற நீதிபதி. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் வார்டில் படுத்திருந்தார். ஊரையே எதிரே நிற்க வைத்து, தான் மட்டும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர். இப்போது உட்கார முடியாது, நிம்மதியாகப் படுக்கவும் முடியாது. வால் எலும்புக்கு மேலே படுக்கைப் புண். அது வேறொரு மருத்துவமனையிலிருந்து வரும்போதே கொண்டு வந்த புண், எங்கள் வார்டில் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. நான் அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். என் வார்டில் ஒருவருக்கு முதுகு சிவந்தாலே எனக்கு முகம் சிவந்துவிடும்.

புண் ஆறுகிறதா என்று பார்க்கும் டாக்டர் நாள் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் கிடப்பவர். அதனால் நாங்கள் கட்டு மாற்றும்போது போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். புண்ணுக்குப் பக்கத்தில் காகித ஸ்கேல் ஒன்றை ஒட்டி வைத்து எடுத்தால்தான் போன தடவையைவிடச் சுருங்கியிருக்கிறதா என்று தெரியும். இதற்கென்றே நிர்வாகம் ஓர் ஆப் கொடுத்திருக்கிறது. திறந்தால் கடவுச்சொல்லை மாற்று என்னும். மாற்றினால் பழையதைப் போடு என்னும். போட்டால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றி முடிப்பதற்குள் புண்ணே ஆறிவிடும். அதனால் ஊரறிந்த ரகசியமாக ஒரு வார்டு குரூப் வைத்திருந்தோம். அதில் படத்தைப் போட்டால் டாக்டர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கட்டைவிரலுக்கு உரை எழுதுவது எங்கள் வேலை.

அன்றைக்கும் ஜட்ஜம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, கட்டைப் பிரித்து, ஸ்கேலை வைத்தேன்.

"மூஞ்சி விழாதுல்ல?" என்றார்.

"மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கு மேடம். கேமரா இந்தப் பக்கம்."

"டாக்டரைத் தவிர வேற யார் கண்ணுலயாவது பட்டுச்சுன்னு தெரிஞ்சுது, உன் மேல கேஸ் போடுவேன். நானே வாதாடி நானே தீர்ப்பும் சொல்லுவேன்."

"சொல்லுங்க மேடம். இப்ப மூச்சை இழுத்து விடுங்க."

படம் அம்சமாக வந்தது. வெளிச்சம், கோணம் எல்லாம் பொருந்தி, கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த மாதிரி. ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் வார்டு குரூப்பைத் தொட்டேன். தொடப்போன அந்த நொடியில் என் கணவரின் பெரியம்மா குடும்பக் குரூப்பில் ஒரு ரோஜாப்பூவை அனுப்பித் தொலைத்தார். புதுச் செய்தி வந்ததும் குடும்பக் குரூப் மேலே ஏறியது, வார்டு குரூப் ஒரு படி கீழே இறங்கியது, என் விரல் மட்டும் பழைய இடத்திலேயே இறங்கியது. படம் போய்விட்டது.

சரி, நீக்கிவிடலாம் என்று படத்தை அழுத்திப் பிடித்தேன். 'எல்லாருக்கும் நீக்கு', 'எனக்கு மட்டும் நீக்கு' என்று இரண்டு பட்டன் வந்தது. ஆபத்தில் கை நல்லதைத் தொடுமா? எனக்கு மட்டும் நீக்கினேன். என் போனில் படம் சுத்தமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் இருந்தது. எல்லார் போனிலும் தெரியும் படம் என் போனில் மட்டும் இல்லை, இனி அதை நான் தொடவும் முடியாது.

இது சும்மா வெட்கப்படுகிற விஷயம் இல்லை. எங்கள் மருத்துவமனையில் நோயாளியின் படம் வெளியே போனால் வேலை போகும். சமீபத்தில்தான் ஒரு நர்ஸ் பெண், ரீல்ஸ் ராணி என்று அவளைக் கூப்பிடுவோம், சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஆடி வீடியோ போட்டாள். பின்னணியில் ஒரு நோயாளியின் பாதம் தெரிந்தது. வெறும் பாதம்! வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாதத்துக்கே அந்தக் கதி என்றால் நான் அனுப்பியதற்கு என்ன கதி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு எங்கள் குடும்பக் குரூப்பில் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், என் மாமனாரின் தம்பி. எது வந்தாலும் திறந்துகூடப் பார்க்காமல் தன்னிடம் இருக்கும் அத்தனை குரூப்புக்கும் தள்ளிவிடுவார். வெந்நீர் குடித்தால் சர்க்கரை போகும், காணாமல் போன நாய்க்குட்டி, எவனோ ஒருவனுக்குத் தேவைப்படும் ரத்தம், எல்லாம் அவருக்கு ஒன்றுதான். அவர் மதியம் படுத்து டீ நேரத்துக்குத்தான் எழுவார். அவர் எழுந்து கண்ணாடியை மாட்டினால் ஜட்ஜம்மாவின் மானமும் என் வேலையும் ஒரே வண்டியில் ஊர்வலம் போகும்.

கணவருக்குப் போன் போட்டேன்.

"குரூப்ல ஒரு படம் வந்துச்சா?"

"ஆமா, நான் லைக் போட்டுட்டேனே."

"என்னன்னு பார்த்தீங்களா?"

"நீ அனுப்பினதாச்சேன்னு போட்டேன். பார்க்கணுமா?"

"பார்க்காதீங்க! வேற யாரெல்லாம் பார்த்தாங்க?"

அவர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். பெரியம்மா, 'ஸ்ட்ராபெரி கேக்கா? எப்படிச் செய்யணும்னு போடு' என்று கேட்டிருந்தார். வெளிநாட்டு மச்சான் கைதட்டியிருந்தார். ஸ்கேலைப் பார்த்த மாமா ஒருவர், 'மனை நல்லா இருக்கு, எந்த ஏரியா?' என்று விசாரித்திருந்தார். இந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டு இத்தனை வருஷமாக நான் என்னத்தைப் பேசினாலும் இவர்கள் காதில் விழாததன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கண்ணே இல்லாதவர்களிடம் காதை எதிர்பார்த்திருக்கிறேன்.

"இப்ப அதை யாரு அழிக்க முடியும்?"

"குரூப் அட்மின் அழிக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "அட்மின் யாருன்னு உனக்கே தெரியும்."

தெரியும். என் நாத்தனார், இவருடைய தங்கை. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அறுந்து கிடந்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். நர்ஸ் நான் இருக்கிறேனே என்றேன். அதற்கு அவள், "ஊர்ல இருக்கிற நோயாளியெல்லாம் பார்த்துட்டு மிச்சம் மீதி இருந்தா எங்கம்மாவைப் பார்ப்பீங்களா? பெத்த பொண்ணு நான் இருக்கேன்" என்றாள், சொந்தங்கள் எல்லாரும் சுற்றி நிற்கையில். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "கூட்டிட்டுப் போ. ஒரு மாசம் தாங்குறியான்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தில் சொன்னாலும் கணக்காகத்தான் சொன்னேன். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் தாங்கினாள். தாங்குவதைத் தினமும் காலையில் குரூப்பில் வேறு போட்டாள். தலை வாரி, பவுடர் போட்டு, தலையணையில் சாய்ந்து சிரிக்கும் மாமியார். கீழே, 'அம்மா இன்று நலம்'. எல்லாரும் பூ போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையணை உறை அழுக்காக இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

அந்த மகாராணியின் காலில் விழ வேண்டும் இப்போது. வேலையைக் காப்பாற்ற எருமை மாட்டின் காலில்கூட விழுவேன், இவள் என்ன. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் செய்தாள். சித்தப்பாவின் குறட்டை என் காதில் கேட்டது. வார்டு மேசையிலிருந்த தொலைபேசியைத் தூக்கி அதிலிருந்து அடித்தேன்.

"யாருங்க?"

"நான்தான். உன் அண்ணி. வெச்சிராதே!"

வைக்கவில்லை.

"குரூப்ல ஒரு படம் போயிருச்சு. அது பேஷண்ட்டோடது. தப்பாப் போயிருச்சு. உன்னால மட்டும்தான் அழிக்க முடியும். என்னைத் திட்டணும்னா அப்புறமா ஆற அமர உட்கார்ந்து திட்டு. சித்தப்பா எழுந்திரிக்கிறதுக்குள்ள அழி."

"பார்த்தேன்." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ஏளனம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. "அண்ணி, அந்தப் புண்ணு ஆறுமா?"

"ஆறும். நீ அழி."

"எப்படி ஆறும்?"

"அடிக்கடி திருப்பிப் படுக்க வெச்சா ஆறும். இப்ப எதுக்குடி உனக்கு நர்ஸிங் பாடம்? வீடு பத்தி எரியறப்ப சுருட்டுக்கு நெருப்புக் கேட்கிற கதையா இருக்கு!"

"வலிக்குமா அண்ணி? அவங்களுக்கு அது ரொம்ப வலிக்குமா?"

"எனக்குத்தான்டி இப்ப வலிக்குது! அழிச்சுத் தொலை!"

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கணவர் செய்தி அனுப்பினார்: 'படம் போய்விட்டது. சித்தப்பா இப்போதுதான் வந்தார். என்ன அழித்தீர்கள் என்று கேட்கிறார்.' நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். குலதெய்வம் எது என்று ஞாபகம் வராததால் பொதுவாக எல்லாத் தெய்வத்துக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

போன் மறுபடி அடித்தது. நாத்தனாரிடமிருந்து தனியாக ஒரு படம்.

திறந்தேன். முதலில் அவள் ஜட்ஜம்மாவின் படத்தையே திருப்பி அனுப்பி என்னை மிரட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். வாய் வரைக்கும் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. பிறகு பார்த்தால் இது வேறு முதுகு. சுருங்கிய தோல். வால் எலும்புக்கு மேல் ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்து, நடுவே மஞ்சளாக. ஜட்ஜம்மாவுடையதைவிடப் பெரிது, ஆழமும் அதிகம்.

பக்கத்தில், நான் வைத்தது போலவே, ஒரு ஸ்கேலை வைத்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேல். கார்ட்டூன் பூனை போட்டது, அவள் மகளுடையது. என் படத்தைப் பார்த்துவிட்டு, இப்படித்தான் வைக்க வேண்டும்போல என்று கோணல்மாணலாக வைத்து எடுத்திருக்கிறாள். கீழே ஒரு வரி: 'அம்மாவுக்கு இதுக்கு என்ன போடணும் அண்ணி?'

எனக்கு அழுகை வந்தது. மருந்து வண்டியின் பின்னால் நின்று அழுதேன். அழுதுகொண்டே குரூப்புக்குள் போய் அவள் போட்ட காலைப் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் மாமியார் மல்லாந்துதான் படுத்திருந்தார். ஒன்றில்கூட இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை. சிரிப்பு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. என் வார்டில் இப்படி ஒருவர் ஒரு பொழுது முழுக்கக் கிடந்திருந்தால் அந்த ஷிப்டுக்காரியை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இங்கே தினம் தினம் படம் வந்திருக்கிறது, நான் தலையணை உறையில் அழுக்குத் தேடியிருக்கிறேன்.

அவளைக் கூப்பிட்டேன்.

"எத்தனை நாளா இருக்குடி?"

"தெரியலண்ணி. முதல்ல சிவப்பா இருந்துச்சு. எண்ணெய் தடவுனேன். அப்புறம் பவுடர் போட்டேன்."

"பவுடரா? அடிப்பாவி! எனக்கு ஒரு போன் அடிக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒரு மாசம் தாங்குறியான்னு பார்ப்போம்னு." விசும்பினாள். "எப்படி அடிப்பேன்?"

நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்ப அம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வை. முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிக்கு நடுவுல ஒண்ணு. புண்ணு மேல எதையும் தடவாதே. நான் வர்றேன்" என்று வைத்தேன்.

கிளம்புமுன் ஜட்ஜம்மாவின் கட்டிலுக்குப் போனேன். சொல்லாமல் போயிருக்கலாம். படம் அழிந்துவிட்டது, கேக்கு என்று நினைத்தவர்கள் சாட்சிக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்த முதுகு அவருடையது. நடந்ததைச் சொன்னேன், மாமியாரின் புண்ணையும் சேர்த்து. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தீர்ப்புச் சொல்லும் முன் அப்படித்தான் கேட்பார்போல.

"அது நான்தான்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது மேடம். முதுகுன்னே யாருக்கும் தெரியல. ஒருத்தங்க கேக்குன்னு நெனச்சாங்க."

"என்ன கேக்கு?"

"ஸ்ட்ராபெரி."

வாயை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. கட்டில் குலுங்கச் சிரித்தார், சிரித்ததில் தையல் இழுத்து 'அம்மா' என்று கத்தினார், கத்திக்கொண்டே மறுபடி சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"தப்பு தப்புதான். மேட்ரன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா அது புகார். நீ சொன்னா அது தகவல்."

"சொல்றேன் மேடம்."

"சொல்லிட்டு உன் மாமியாரைப் போய்ப் பாரு. எனக்கு வலிக்கிற வலி எனக்குத்தான் தெரியும்."

மேட்ரனிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு மெமோ அடித்துக் கையில் கொடுத்தார். வார்டு குரூப்பை உடனே கலைக்க வேண்டும், இனி ஆப் மட்டும்தான் என்றார். அந்த வட்டம் சுற்றும் சனியன் ஓடாது என்றேன். அவர் தன் போனை நீட்டி, அதில் திறந்து காட்டச் சொன்னார். இரண்டு பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில், "இதை மேலிடத்துல நான் பேசுறேன், நீ கிளம்பு" என்றார். மெமோவோடு போயிற்று, வேலை தப்பித்தது.

நாத்தனார் வீட்டுக் கதவைத் திறந்தவளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. குரூப்பில் அம்மாவுக்கு மட்டும்தான் தலை வாரியிருக்கிறாள். தனக்கு வாரிக்கொண்டு எத்தனை நாள் ஆயிற்றோ. கண்ணுக்குக் கீழே கறுப்பு. நைட்டியில் கஞ்சிக் கறை. வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த வசவு என் தொண்டையிலேயே கரைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்தேன். அவள் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"சரி சரி, மூக்கை என் யூனிஃபார்ம்ல தொடைக்காதே. வெந்நீர் வை."

மாமியார் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கையைக் கழுவி, கையுறை மாட்டி, துணியை விலக்கிக் குனிந்தேன்.

"யாரு, மூத்த மருமகளா?" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"ஆமா அத்தை."

"இத்தனை நாள் கழிச்சு வந்திருக்கே. முதல்ல மூஞ்சியப் பார்க்கணும்னு தோணலயா உனக்கு?"

சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் மண்டியிட்டேன். முகம் வற்றியிருந்தது. கண்ணில் மட்டும் பழைய குறும்பு. என் கன்னத்தைத் தடவினார்.

"பாவம்டி அவ. தூங்குறதே இல்ல. நான்தான் உன்கிட்ட சொல்லாதேன்னேன். ஒரு மாசம் ஆகறதுக்குள்ளயே அவ தோத்துட்டான்னு நீ சொல்லிடக் கூடாதுன்னு."

"நான் ஒரு வாயாடி அத்தை. என் பேச்சைப் போய் எடுத்துக்கிட்டு..."

"உன் வாய் தெரியாதா எனக்கு. இவதான் பயந்துட்டா."

அழுதால் வேலை நடக்காது. புண்ணைக் கழுவினேன், செத்த தோலை நாளை டாக்டர்தான் எடுக்க வேண்டும் என்று நாத்தனாரிடம் சொன்னேன், எப்படித் திருப்புவது என்று காட்டிக்கொடுத்தேன். அவள் நன்றாகவே பிடித்தாள். என் வார்டில் புதிதாகச் சேருகிறவர்களைவிடப் பதவிசாகப் பிடித்தாள். அதையும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"இப்ப ஒரு படம் எடுக்கணும். டாக்டருக்கு அனுப்பி, காலையில எந்நேரம் கூட்டிட்டு வரணும்னு கேக்கணும்" என்றேன். அவள் பூனை ஸ்கேலை எடுத்து இந்தத் தடவை நேராக வைத்தாள். நான் போனை எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். டாக்டரின் பெயரை நான் தேட, அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, "சரியாத்தான் இருக்கு அண்ணி, அனுப்புங்க" என்றாள்.

"ஏய், நல்லாப் பார்த்தீங்களா ரெண்டு பேரும்?" சுவரைப் பார்த்தபடி மாமியார் குரல் கொடுத்தார். "இது மட்டும் ஊருக்கே அனுப்புற என் கொழுந்தன் கண்ணுல பட்டுச்சு, என் கட்டை வேகாது."